காது மெஷினைக் கழற்றிய அன்று

விமானம் கிளம்பும்போது வந்த சத்தம் அப்படியே தறிக்கொட்டகைச் சத்தம்... காதில் மட்டுமில்லை, பல்லிலும் அதிர்ந்தது.

பத்து வருடம் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி. மும்பையில் இருக்கும் எங்கள் மகள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட டிக்கெட் போட்டிருந்தாள். திருத்தணியை விட்டு அவ்வளவு தூரம் நாங்கள் போனதே இல்லை.

இங்கே பார்த்த டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார்... நாலு மாதம்தான், அவரிடம் சொல்ல வேண்டாம் என்று.

ஏறியதும் இந்தியில் ஏதோ அறிவித்தார்கள். பக்கத்து சீட்டுப் பெண் தமிழில் சொன்னது.

"அண்ணே, கரண்டு சாமான் எல்லாத்தையும் ஆஃப் பண்ணணுமாம். பைலட்டுக்கு சிக்னல் குழம்பிடுமாம்."

இவர் போனை அணைத்தார். அப்புறம் காது மெஷினையும் கழற்றினார்.

"யோவ், அது இன்னா வெடிகுண்டா? காதுலயே கெடக்கட்டும்யா" என்றேன்.

"பேட்டரி கீதே இதுல? நம்மால இத்தினி பேரு உழணுமா? கெட்டியா புட்ச்சிக்கோமே."

பேட்டரியையும் எடுத்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

மேலே போனதும் ஜன்னலில் நம்ம மலை தெரிகிறதா என்று தேடினார், சின்னப் பிள்ளை மாதிரி. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. இவருக்குத்தான் இப்போது கேட்காதே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"கட்டி பரவிப்போச்சாம்யா... நாலு மாசம்தானாம். உன்ன உட்டுட்டு நான் எப்படிய்யா இருப்பேன்?"

எப்போது திரும்பினாரோ, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, காது அடைக்குதா? எச்சிய முழுங்கு!" என்று கத்தினார். நாலு வரிசை திரும்பிப் பார்த்தது.

மும்பை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மகளைத் தனியாகக் கூப்பிட்டார். இவர் விடவில்லை.

"இங்கியே சொல்லச் சொல்லும்மா. ஏரோப்ளேன்லயே உங்கம்மா சொல்லிட்டா."

இவர் முப்பது வருடம் ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். இது தெரிந்தும் மறந்துபோனேனே...

"அப்பவே ஏன்யா கேக்கல?"

"நீ அழுதுகினு இருந்தே. முடிக்கட்டும்னு உட்டேன்."

அதற்கப்புறம் ஐந்து மாதம் இருந்தார். எங்களுக்குள் ஒளிக்க ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படிப் பேசியதில்லை.

போன மாதம் தனியாக விமானத்தில் போனேன். எல்லார் காதிலும் ஏதோ மாட்டியிருந்தது. காது மெஷினால் விமானத்துக்கு ஒன்றும் ஆகாது, அன்றைக்கும் கழற்றியிருக்க வேண்டாம் என்கிறாள் மகள்.

அது தெரியாமல் இருந்ததே நல்லது.

இப்போது அவள் தினமும் போனில் கேட்கிறாள், எப்படிம்மா கீறே என்று. நல்லா கீறேன் என்கிறேன். அவளும் அவர் மகள்தானே, வீடியோவில் மட்டும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்...