தம்பி விற்காத பங்குகள்

என் தம்பி பூட்டுக் கம்பெனியில் ஃபிட்டர். முப்பது வருடத்துக்கு முன் அங்கே போனஸுக்குப் பதில் பங்குகளைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் உடனே புரோக்கரிடம் விற்றார்கள். இவனோ, "இந்தக் காகிதத்துக்குப் புரோக்கர் இப்படிப் பறக்கிறான்னா உள்ள ஏதோ இருக்கு" என்று விற்கவில்லை. இன்று விலை நூறு மடங்கு.

இப்போது அவன் குடியிருக்கும் வாடகை வீடு விலைக்கு வந்தது. பாதிப் பங்குகளை விற்றால் அவனே வாங்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும்.

"வித்துடுடா," என்றேன்.

"வாங்குறவன் எதுக்குக்கா வாங்குறான்?"

"நிழலைக்கூட நம்பாதவனே, கம்பெனி நாளைக்குப் படுத்துட்டா? ஒரே கிளையில எத்தனை நாள் தொங்குவே?"

அவன் முகம் மாறியது. "கம்பெனியையும் நம்ப முடியாதுதான்" என்று பாதியை விற்று வீட்டை வாங்கினான்.

மீதியையும் விற்கச் சொன்னால் என்னையே முறைக்கிறான்: "உனக்கு யாருக்கா இதெல்லாம் சொல்லிக் கொடுக்கிறது?"