ஆவாங் காத்த புடலைப் பந்தல்

மலேசியாவில் தம்பின் பட்டணத்துக்கு அந்தண்டை இருந்த ரப்பர் தோட்டத்தில், இரண்டாம் லயத்து வரிசை வீட்டுக் குப்பாயிக்குப் பெருமை இரண்டு. ஒன்று அவள் கொல்லைப் புடலங்காய். மற்றொன்று சொன்ன சொல் தவறாத வாய். எழுபத்தாறாம் வருஷம் இரண்டுக்கும் சேர்ந்தே சோதனை வந்தது.

வந்தது கோயில் கூட்டத்தில். தோட்டத்துக் கங்காணியான மண்டோர் தங்கராஜுதான் கோயில் தலைவர். அவர் பெண்சாதி செல்லம்மா, குப்பாயிக்கு நாத்தனார். புருஷன் சன்னாசியின் கூடப் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்னேயே இவள் மாமன் மகள், அவள் அத்தை மகள். ஆகவே சண்டை போடப் புதிதாக உறவு ஒன்று தேவைப்படவில்லை.

"திருவிழாக் கூட்டுக்குப் பாசாருல காய் வாங்கிக்கலாம்லா," என்றாள் செல்லம்மா. "அண்ணி கொல்லையில காய்க்கிறது கொரங்குக்கே பத்த மாட்டேங்குது."

கூட்டம் சிரித்தது. குப்பாயி எழுந்தாள்.

"அம்மன் சாப்பாட்டுக்கு அத்தனை காயும் என் பந்தல்லேருந்து வரும். வரலன்னா நான் கோயில் வாசப்படி மிதிக்கல."

சொல்லிவிட்டாள். பந்தலில் காய்க்குக் குறைவில்லை. நுனியில் கல் கட்டி விட்டதில், விட்ட கல்லுக்கு வஞ்சகமில்லாமல் ஆள் உயரத்துக்குத் தொங்கின. காட்டோரத்திலிருந்து வரும் குரங்குக் கூட்டம்தான் எமன். தகர டப்பா கட்டிப் பார்த்தாள். குட்டிகள் அதை ஆட்டி விளையாடின. சன்னாசி ரப்பர் பால் வெட்டப் போட்டுப்போகும் சட்டையை மாட்டிப் பொம்மை நிறுத்தினாள். கிழட்டுக் குரங்கு அதன் தோளில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டது. நாய் வளர்த்தாள், கள்ளுக்கடையிலிருந்து திரும்பும் சன்னாசியைப் பார்த்து மட்டும் அது விடாமல் குரைத்தது.

சன்னாசிதான் யோசனை சொன்னான். பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் பாக் யூசோப் என்ற மலாய்க்காரர் தேங்காய் பறிக்கப் பழக்கிய பெருங்குரங்கு ஒன்று வைத்திருந்தார். பெயர் ஆவாங். அதைக் கண்டால் காட்டுக் குரங்குகள் கிட்டே வராதாம்.

"கொரங்கை வெரட்டக் கொரங்கா?"

"அது படிச்ச கொரங்கு புள்ள. யூசோப்பு மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்காந்து போவுது. நீயே அப்படிப் போனதில்ல."

"நீங்க மோட்டார் வாங்கிக் கூப்புட்டு, நான் வரமாட்டேன்னா சொன்னேன்?"

தினம் இரண்டு பச்சை முட்டை என்று பேசி, யூசோப் ஆவாங்கைக் கொண்டுவந்து விட்டார். கயிற்றைக் கைவிட்டுவிடாதே என்று ஒன்றுக்கு மூன்று தரம் சன்னாசியிடம் சொன்னார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை.

குப்பாயி கயிற்றைக் கொய்யா மரத்தில் தளரக் கட்டினாள். ஆவாங் பந்தல்மேல் ஏறி மகாராஜா மாதிரி உட்கார்ந்தது. காட்டுக் குரங்குகள் ரப்பர் மரத்திலிருந்தபடி பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டன. காய் ஒன்றுக்கும் சேதமில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பருப்பும் சாமானும் வாங்கக் குப்பாயி தம்பினுக்குப் பஸ் ஏறினாள். காவல் சன்னாசியிடம் வந்தது. கள்ளுக்கடைக்கு ஒரு நடை போய்வந்திருந்தாலும் பொறுப்பை அவன் மறக்கவில்லை. யூசோப் சொன்ன சொல் நினைவுக்கு வர, கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, பந்தல் நிழலில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். கண் சொருகியது. தலை விழும்போதெல்லாம் கை கயிற்றை வெடுக்கென்று இழுத்தது.

சாயங்காலம் குப்பாயி வந்து பார்த்தாள். பந்தல் மொட்டையாக நின்றது. பெரிசு, சிறிசு, பிஞ்சு, விதைக்கென்று பழுக்க விட்டிருந்த ஒற்றைக் காய், எல்லாம் கல்லோடு தரையில் கிடந்தன. சத்தம் கேட்டு விழித்த சன்னாசி முதலில் ரப்பர் மரத்தைத்தான் பார்த்தான்.

"பாத்தியா புள்ள, ஒண்ணுகூடக் கிட்ட வரல."

குப்பாயி காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவன் காலடியில் குவித்தாள். ஏசியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

யூசோப் வந்து கயிற்றையும் மணிக்கட்டையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. கீழிருந்து கயிற்றைச் சுண்டினால், தொங்குகிற காயைத் திருகிப் போட வேண்டும் என்பதுதான் ஆவாங் படித்த படிப்பு. குவியலைப் பார்த்து, "பண்டாய்லா," என்று அதன் தலையைத் தடவிக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார். பறித்த கூலிக்கு முட்டை இரண்டு கூடுதலாகவும் கேட்டார். குப்பாயி கொடுத்தாள்.

"கொரங்கு கை பட்டது அம்மனுக்கு ஆவுமா?" என்றாள் அன்றிரவு.

"ஆஞ்சநேயர் கைன்னு நெனச்சுக்க."

"அப்ப நீங்களே போயி கோயில்ல சொல்லுங்க."

சன்னாசி போகவில்லை. காய் மட்டும் போனது, மூன்று முறை கழுவப்பட்டு.

பெரிய காயோடு பிஞ்சும் கலந்து வெந்ததில் கூட்டு வெண்ணெயாக இருந்தது. இப்படி ஒரு கூட்டு எந்தத் திருவிழாவிலும் சாப்பிட்டதில்லை என்று தோட்டமே சொன்னது. தங்கராஜு எல்லார் முன்னாலும் எழுந்து, "சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு எந்தங்கச்சி. இனிமே வருஷா வருஷம் கூட்டு அதோட கொல்லைதான்," என்று அறிவித்துவிட்டார். குப்பாயிக்கு அழுகை வந்தது. பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

விதைக்காயும் முற்றுமுன்பே கூட்டில் வெந்துவிட்டதால், அடுத்த பட்டத்துக்கு அவளிடம் விதை இல்லை. முன்பு அவள் விதை கொடுத்து வளர்ந்த கொடி தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. நாலு நாள் யோசித்து, செல்லம்மா வீட்டுக்குப் போனாள்.

"ஏன் அண்ணி, விதைக்காய் விடலையா?"

"எல்லாத்தையும் அம்மனுக்கே குடுத்துட்டேன்."

செல்லம்மா உள்ளே போய் விதைப் பொட்டலத்தோடு வந்தாள்.

"கூட்டுக்குக் காய் அரிஞ்சது நாந்தான் அண்ணி. கத்தியால அறுத்த காம்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அத்தனையும் தேங்காக் காம்பு மாதிரி முறுக்கி இருந்துச்சு."

பொட்டலத்துக்கு நீட்டிய கையைக் குப்பாயி இழுத்துக்கொண்டாள். "அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு மூணாந்தரம் கூட்டு வாங்கிட்டாரு." பொட்டலத்தைக் கையில் வைத்தாள். "இந்தத் தரம் காவலுக்கு யாரைக் கட்டப் போறீங்க?"

"உங்கண்ணனைத்தான்," என்றாள் குப்பாயி. "கொய்யா மரத்துல."