இடது பெடல்

மகன் படிப்புக்காகக் கோலாலம்பூருக்குப் போன பிறகு என்னால் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கணவருக்கு லூமுட்டில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. சனிக்கிழமை காலையில் வந்து ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார். மற்ற நாள்களில், ஈப்போவில் நான் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்திலிருந்து திரும்பினால், துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பேன். டிவியைப் போடுவேன், அணைப்பேன். கேட்டைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு மூடுவேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும்.

அப்படிப்பட்ட நாள்களில் ஒருநாள், வரும் வழியில் காரை நிறுத்தி ஒரு சைக்கிள் கடைக்குள் போய், நீல நிறத்தில் ஒன்றை வாங்கிவிட்டேன். எனக்கு நாற்பத்தேழு வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. மகளுக்கா என்று கடைக்காரர் மலாயில் கேட்டார். எனக்குத்தான் என்றேன். மறுநாள் அவருடைய லோரி அதை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனது.

கணவரிடம் போனில் சொன்னேன்.

"சைக்கிளா? யாரு ஓட்ட?"

"நான்தான்."

"இந்த வயசுல விழுந்து கைய கால ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கறது? கடையிலயே திருப்பிக் குடுத்துரு லா."

"வாங்கியாச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

பெரியவர்கள் சைக்கிள் கற்றுக்கொள்ளும் வழியை ஒரு காணொளியில் பார்த்தேன். முதலில் பெடல் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். சீட்டைத் தாழ்த்தி, கால்களால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். நீளமான ஸ்பானர் ஒன்று வாங்கிவந்து, திரையில் காட்டியபடியே கழற்றினேன். எந்தப் பெடலை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

எங்கள் வீடு இருக்கும் தாமான் குடியிருப்பு ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். பின்னால் மிச்சமிருக்கும் நிலத்தில் இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கிறது. அதற்குள் போகும் மண்சடக்கில் லேசான இறக்கம் ஒன்று உண்டு. வேலை முடிந்து வந்ததும் உடை மாற்றிக்கொண்டு அங்கே போய்விடுவேன். உந்துவேன், காலைத் தூக்குவேன், சாய்வேன், காலை ஊன்றுவேன். செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரமாக ஒதுங்கி, போன் பேசுவதுபோல் நிற்பேன். ஒருமுறை விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டேன். அந்தச் சனி, ஞாயிறு முழுக்கைச் சட்டைதான் போட்டேன்.

மெல்ல மெல்ல, கால் இரண்டும் தரையில் படாமல் இறக்கத்தின் அடிவரை போக முடிந்தது. முதல் தடவை அப்படிப் போனபோது எனக்குச் சந்தோஷத்தைவிட அவசரம்தான் அதிகமாக வந்தது. பெடலைப் போட வேண்டும், மண்சடக்கை விட்டு ரோட்டுக்குப் போக வேண்டும், அதுவும் உடனே. காணொளியை மறுபடி பார்க்கப் பொறுமையில்லை. வலது பெடல் சுலபமாக ஏறியது. இடது ஏறவில்லை. ஸ்பானரை மாட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தித் திருப்பினேன். கறக்கென்று ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. கொஞ்சம் கோணலாக இருந்தது. ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாமானுக்குள் சுற்றும்போது இடது கால் ஒவ்வொரு சுற்றிலும் ஆடியது. அதையும் பொருட்படுத்தாமல், ஒரு சனிக்கிழமை காலை, கணவர் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று லகாட் பக்கம் புறப்பட்டேன். ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றைத் தாண்டியதும் என் இடது கால் திடீரென்று கீழே போனது. சைக்கிள் புல்லுக்குள் இறங்கிச் சாய்ந்தது. அடி எதுவும் இல்லை. பெடல் மட்டும் தனியாகத் தார் ரோட்டில் கிடந்தது. அதை எடுத்தபோது போன் அடித்தது.

"வீட்டுல ஆளக் காணோம், எங்க இருக்க?" என்றார் கணவர்.

"லகாட் போற ரோட்டுல."

"அங்க என்னா செய்யற?"

"பெடல் கழண்டு விழுந்திருச்சுங்க."

கார் வந்தது. இறங்கியவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குனிந்து பெடல் இருந்த துளையை விரலால் தடவினார். விரலில் அலுமினியத் தூள் ஒட்டியது.

"இத எப்படி மாட்டின?"

"வலது பக்கம் திருப்பி."

"இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் லா. மரையெல்லாம் அறுந்துபோச்சு. பெடல் மாட்டற இந்தக் கையையே மாத்தணும்."

சைக்கிள் காருக்குள் அடங்கவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, பின்சீட்டை மடக்கி, வெயிலில் இருவரும் மல்லுக்கட்டினோம். வண்டியை எடுத்த பிறகுதான் கேட்டார்.

"வீட்டுல உனக்கு என்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்லங்க. உக்கார முடியல, அவ்ளோதான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கும்தான். வேலை முடிஞ்சா ரூமுக்குப் போகமாட்டேன். படகுத்துறையிலயே நடந்துகிட்டு இருப்பேன். பங்கோர் தீவு ஃபெரி வரும், போகும். ஏறவும் மாட்டேன்."

"என்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ சாப்டீங்களான்னு கேப்ப, சாப்டேன்னு சொல்லுவேன். போன வெச்சிருவோம்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கே போனோம். கடைக்காரர் புதுக் கையைப் பொருத்தினார். பெடலை நானே மாட்டுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். ஸ்பானரை எடுக்காமல் முதலில் விரல்களாலேயே இடப்பக்கமாகத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நிமிர்ந்து பார்த்தபோது என் கணவர் கடையின் மறுகோடியில் ஒரு கறுப்புச் சைக்கிளின் பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மனம் அடங்கிவிட்டதா என்றால், இல்லை. ஆனால் அதற்கு இப்போது வேலை இருக்கிறது. மழையில் ஓட்டினால் செயினில் செம்மண் ஒட்டிக்கொள்கிறது. துணியால் துடைத்து எண்ணெய் விடுகிறேன். புது பிரேக் கம்பிகள் ஓட்ட ஓட்டத் தளர்கின்றன, முறுக்கிவிடுகிறேன். கிளம்பும் முன் டயரை விரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.

போன மாதம் சிம்பாங் பூலாய் வரை போகலாம் என்று புறப்பட்டேன். கல்மலைப் பக்கமிருந்து வரும் பெரிய லோரிகள் உரசுவதுபோல் போனதில் பயந்து பாதியில் திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் போனேன். அன்றும் திரும்பித்தான் வந்தேன், முன்னைவிடக் கொஞ்சம் தள்ளிப் போய்.