ஆண் மீனுக்கு இரவல் இல்லை
மீன்குஞ்சு பொரித்து விற்கும் மொராடெக்கேயின் வாய்க்கு நைஜீரியாவின் இஜேபு மீன்குஞ்சுச் சந்தையே பயப்படும். ஒருமுறை அந்த வாய் அதே தொழில் செய்யும் சாபுரியின் மேல் விழுந்தது. அவன் குஞ்சுகள் வறுக்கிற அளவுக்குக்கூட வளராது என்று நாலு பேர் நடுவில் சொல்லிச் சிரித்தாள். அவற்றை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தன் நாலு கிலோ கெளுத்திக்கு ஹார்மோன் ஊசி போட்டாள். பதினொரு மணி நேரத்தில் முட்டை பழுத்துவிடும். அதற்குமேல் ஒரு மணி நேரம் போனால் வயிற்றுக்குள்ளேயே வீண். இந்தப் பருவத்துக்கு அவளிடம் இருந்த ஒரே தாய்மீன் அதுதான்.

பெண் மீனின் வயிற்றை அழுத்தித் தடவினால் முட்டை வரும். ஆணை அறுத்துத்தான் விந்துப்பையை எடுக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு முதல் ஆணை அறுத்தாள். பை நூலாகச் சுருங்கிக் கிடந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது ஆண் அவளிடம் இல்லை. தாய்மீனைத் தொட்டால் முட்டை விரலில் ஒட்டியது.

அக்கம்பக்கத்தில் முதிர்ந்த ஆண் மீன் வைத்திருந்தவன் சாபுரி மட்டும்தான். ஆண் மீனை யாரும் இரவல் தரமாட்டார்கள், திரும்பி வராதே. அதிலும் இவளுக்கா? ஆனாலும் ஓடினாள்.

சாபுரி எபா என்ற மரவள்ளிக் களியைத் தின்றுகொண்டிருந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவன் முன் மண்டியிட்டாள். சின்னவர்கள் முன் அவள் மண்டியிட்டதே கிடையாது.

"எந்திரிங்கக்கா. முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்?"

"அரை மணி. தம்பி, நான் சந்தையில சொன்னது..."

அவன் காதில் வாங்கவில்லை. கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தான். தண்ணீர் பட்டால் விந்து ஒரு நிமிடம்கூடத் தாங்காது. இருந்ததிலேயே பெரிய ஆணைப் பிடித்து அவனே அறுத்தான். பைகள் வெள்ளை வெளேரென்று புடைத்திருந்தன. உலர்ந்த கிண்ணத்தில் போட்டு மூடிக் கொடுத்தான்.

"நீங்க சிரிச்சீங்களே, அந்தக் குஞ்சுங்களோட அப்பனுக்கு இவன் கூடப்பிறந்தவன். இனி உங்க குஞ்சுக்கு அப்பன் இவன்தான். கேக்குறவங்ககிட்ட சொல்லுங்க, போதும்."

முட்டை தப்பியது. மறுநாள் மாலை தொட்டி முழுக்கக் குஞ்சு நெளிந்தது.

ஐந்து வாரம் கழித்துச் சந்தையில் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் குனிந்து பார்த்து, அருமையான குஞ்சு, ஆண் யாருடையது என்று கேட்டார்.

"சாபுரியோடது."

"அவன் குஞ்சு வளராதுன்னு நீதானே சொன்னே?"

"பொய் சொன்னேன்."

அவர் தன் காலி வாளியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாபுரியிடம் போனார்.