பாய் எடுக்காத அளவு

கோட்டக்குப்பத்தில் ஒரு பாய் இருக்கிறார். வீட்டிலேயே தூண்டில் கழி செய்து தருவார், ஒடிந்ததையும் சரிபண்ணுவார். ஒல்லியான ஆள், மருதாணி போட்ட தாடி. தூண்டில் நரம்பு ஓடும் வளையத்தைக் கழியில் வைத்து நூல் சுற்றிக் கட்டும்போது, நூல் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசுவார்.

கம்பெனி மெஷினில் என் மகனுக்கு வலது கை போன பிறகு, அவனுடைய தூண்டில் கழியை எடுத்துக்கொண்டு வளவனூரிலிருந்து அவரிடம் போனேன். பிடியை நீட்டிக் கட்டினால் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையாலேயே மீன் பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஈசனே காட்டிய வழி என்று நம்பினேன்.

"புள்ளைய கூட்டிக்கினு வாங்க. அளவெடுக்கணும்."

"அவன் ரூமை விட்டே வர மாட்டேங்கிறான் பாய். நானும் அவனும் ஒரே உசரம்தான். என்னை வச்சே எடுத்துடுங்க."

வாயிலிருந்த நூலை எடுத்தார். "இது வேணும்னு அவரு கேட்டாரா?"

"கேக்கலை பாய்."

"அப்பன் ஆசைக்கெல்லாம் நான் கழி கட்றதில்லீங்க. எடுத்துக்கினு போங்க."

முடியாது என்றவர், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து மறுபடி நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

திண்டிவனத்தில் வேறொருவர் என் அளவுக்கே கட்டிக் கொடுத்தார். இரும்பை ஊர்ச் சிவன் கோயில் விபூதியைப் பூசி மகனிடம் நீட்டினேன்.

"நீயே போய்ப் புடிப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கழி இப்போது சாமி அறை மூலையில் நிற்கிறது. பாய் மேல் இருந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. விளக்கேற்றிக் கண்ணை மூடினால், ஈசனுக்கு முன்னால், பல்லில் நூலோடு அவர் முகம்தான் வந்து நிற்கிறது.