அப்பா இடித்த சுவர்

அப்பா தொண்ணூற்றொரு வயது வாழ்ந்தார். அதில் ஐம்பது வருடம் செங்கல்லோடும் சிமெண்டோடும் போனது. பதினெட்டு வயதில் ஊரைவிட்டுக் கப்பலில் இந்தத் தீவுக்கு வந்து இறங்கியவர், கொத்தனாராகத் தொடங்கி மேஸ்திரியானார். புக்கிட் மேராவில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிய காலத்தில் அவருக்குக் கீழே ஒரு லாரி நிறைய ஆட்கள் வேலை செய்தார்கள். எங்கள் ஆறு பேரையும் வளர்த்துப் படிக்க வைத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவர் வீட்டுக்கென்று வைத்துக்கொண்டதே இல்லை. கோயில் சமையல்கட்டில் அடுப்பு இடிந்துவிட்டது, யார் வீட்டுக் குளியலறையிலோ படி வழுக்குகிறது என்று காதில் விழுந்தால் போதும், கொத்துக்கரண்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா மாதம் ஒருமுறை இதற்காகச் சண்டை போடுவாள். அப்பா மறுபேச்சில்லாமல் தோற்றுப்போவார். அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்புவார்.

அவர் இறந்தபோது வந்தவர்கள் எல்லாரும் அவர் கட்டிக் கொடுத்தவற்றைப் பற்றியே பேசினார்கள். எனக்கு நினைவுக்கு வந்ததோ அவர் இடித்த ஒரு சுவர்.

அப்போது எனக்குப் பத்து வயது. தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். நான் படித்த தமிழ்ப் பள்ளிக்குப் பலகைச் சுவர், தகரக் கூரை. மழை பெய்தால் வாத்தியார் பேசுவது கேட்காது என்பதால் எங்களுக்கு மழை மிகவும் பிடிக்கும். பெற்றோர்களுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் கூடிப் பேசி, பள்ளிக்குப் பின்னால் கல்கட்டிடமாக ஒரு வகுப்பறை கட்டுவது என்று முடிவானது. நாங்கள் நானா என்றழைக்கும் ஜவுளிக்கடைக்காரர் செங்கல் தந்தார். வேலைக்கு அப்பா பொறுப்பேற்றார். ஞாயிறுதோறும் ஆண்கள் கலவை குழைத்தார்கள், பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள், பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நின்று செங்கல்லைக் கைமாற்றினோம். வார நாட்களில் வேலை முடிந்து வந்தபிறகும், பொழுது சாய்வதற்குள் அப்பாவும் என் தாய்மாமாவும் போய் இரண்டு வரிசை கட்டிவிட்டு வருவார்கள்.

மாமா எங்களோடுதான் தங்கியிருந்தார். அப்பாவிடம் தொழில் பழகியவர். எங்களுக்கு ஐஸ் உருண்டை வாங்கித் தருவதிலும், அதை அம்மாவிடம் மறைப்பதிலும் கெட்டிக்காரர். அந்தச் சமயத்தில் எங்கள் தலைமையாசிரியரின் தங்கையை அவருக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கட்டிடம் முடிந்தது. ஞாயிறன்று திறப்பு விழா. வரவேற்புரை சொல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேஸ்திரி மகள் என்பதால்தான் என்று இன்று தெரிகிறது. என் குரல் வளத்துக்காக என்று அன்று நம்பினேன். அம்மா பச்சைப் பாவாடை தைத்துக் கொடுத்திருந்தாள். வகுப்பில் ஒருத்தி விடாமல் எல்லாரிடமும், இது எங்க அப்பா கட்டினது என்று சொல்லி முடித்திருந்தேன்.

விழாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். உள்ளே தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னார்கள். அப்பா ஆணியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அது வாழைத்தண்டில் இறங்குவதுபோல் முழுவதுமாக உள்ளே போய்விட்டது.

அப்பா சிரிக்கவில்லை. இரண்டடி தள்ளி இன்னொரு ஆணி அடித்தார். அதுவும் போனது. பூச்சை ஓரிடத்தில் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்கை விரலால் சுரண்டினார். கலவை சர்க்கரைபோலப் பொலபொலவென்று கொட்டியது. கையிலிருந்த மணலை உதறினார். பிறகு எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கூரை இறங்காமலிருக்க நான்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, சம்மட்டியைக் கையில் எடுத்தார்.

"உடைக்காதீங்கப்பா!" என்று நான் கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. நாலைந்து அடியில் சுவரின் நடுப்பாகம் சரிந்தது. தோரணத்தின் ஒரு முனை புழுதியில் கிடந்தது.

தலைமையாசிரியர் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் நானாவும் இன்னும் பத்துப் பேரும்.

"என்ன மேஸ்திரி இது? நாளைக்கு விழா! பெரிய மனுசங்க வர்றாங்க, நான் என்ன பதில் சொல்றது?"

"கலவை ஒட்டலைங்க சார். பிள்ளைங்க உக்கார்ற இடம். நிக்காது."

"யார் கட்டுன சுவர் இது?"

"நான்தான் கட்டினேன். கலவை தப்பிப்போச்சு."

"உங்களை நம்பித்தானே விட்டோம்," என்றார் தலைமையாசிரியர். மெதுவாகத்தான் சொன்னார். அப்பா தலை குனிந்ததை நான் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் மாமா நின்றிருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்பாவுக்கு நேர்ந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் அழுகிறார் என்று நினைத்து, எனக்கு அவர்மேல் பாசம் இன்னும் கூடியது.

விழா தள்ளிப்போனது. இந்த முறை அப்பாவின் கலவையை இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். அவர் அவர்களுக்கு ஒவ்வொரு சட்டியையும் காட்டிவிட்டுத்தான் கட்டினார். ஐந்து வாரத்தில் சுவர் மறுபடி எழும்பியது. திறப்பு விழாவும் நடந்தது. நான் வரவேற்புரையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவை மட்டும் பார்க்காமல். அதே வருடம் மாமாவுக்குத் தலைமையாசிரியரின் தங்கையோடு கல்யாணமும் ஆனது.

எனக்கே கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு, ஒருநாள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பின்சுவரை எழுப்பியது மாமா. சிமெண்டு பாதியில் தீர்ந்துவிட, காத்திருக்கப் பொறுமையில்லாமல் மணலைக் கூட்டிப்போட்டுக் கட்டி, மேலே அழகாகப் பூசியும் விட்டாராம். தலைமையாசிரியர் கண்ணுக்குக் கெட்டிக்கார வேலைக்காரராகத் தெரிய வேண்டும் என்ற அவசரம்.

"அப்பா எங்கே போயிருந்தாங்க?" என்று கேட்டேன்.

"ஏன், நீ அம்மை போட்டுக் கிடந்தியே, அந்த ஒரு வாரம். சாயங்காலம் வேலை விட்டு வந்தா உன் பாயைவிட்டு நகரலையே மனுசன்."

நான் அப்பாவிடமே போய்க் கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "நான் பொய் சொல்லலைம்மா. பூச்சைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு விட்டது நான்தானே? தட்டிப் பார்த்திருக்கணும்லா," என்றார். அவ்வளவுதான். மாமா பெயரை அப்போதும் அவர் எடுக்கவில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுவர் இடிந்து, மறுபடி எழும்பாமலிருந்த அந்த வாரங்களில் ஒருநாள் காலை, அப்பாவோடு தேக்கா சந்தைக்குப் போயிருந்தேன். அவர் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்து கேட்டாள்: "சுவர் இடிஞ்சுபோச்சாமே, அந்த மேஸ்திரி உங்க அப்பாவா?"

"இல்லயே. எங்க அப்பா லாரி ஓட்டுறாங்க," என்றேன்.

அப்பா இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, காயைப் பையில் போட்டுக்கொண்டு தனியாக நடக்கத் தொடங்கினார். எப்போதும் சாலையில் என் கையைப் பிடித்துக்கொள்பவர், அன்று பத்தடி முன்னால், யாரோ போல நடந்தார். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும், திரும்பாமல், என் செருப்புச் சத்தம் அருகே வரும்வரை நின்றார். நான் வந்ததும் கார் வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி முன்னால் போனார். வீட்டுப் படியேறும்வரை அப்படித்தான்.

என்மேல் கோபம், அதனால்தான் விலகிப் போகிறார் என்று அன்று எண்ணிக்கொண்டு, அழாமல் அவர் பின்னாலேயே நடந்தேன்.