திரைக்கு வெளியே ஒரு தோசை

போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன். நல்ல பசி. தொழிற்பேட்டைக்கு எதிரே கீற்றுக் கூரை போட்ட ஒரு சின்ன ஹோட்டல். உள்ளே ஷிஃப்ட் முடித்த ஆட்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் நுழைந்ததும் கல்லாவில் இருந்தவர் பதறி எழுந்தார்.

"பார்சல் கட்டித் தரட்டாம்மா?"

"வேண்டாம். உட்கார்ந்தே சாப்பிடறேன்."

"எல்லாம் ஆம்பளைங்களா குந்திக்கினு இருக்காங்களே..."

"இருக்கட்டுமே. அவங்க தட்டுல அவங்க சாப்பிடுவாங்க. என் தட்டுல நான் சாப்பிடப் போறேன்."

இடம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர் கை கழுவப் போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார் — "தப்பா நெனைக்காதம்மா... உனுக்குக் கூச்சமா இல்ல?"

என் கூச்சம் எங்கே போனது என்று அவருக்குச் சொல்ல நேரமில்லை. பஸ் வந்துவிட்டது. உங்களிடம் சொல்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், திருவள்ளூரில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்தவள் துளசி. திருவாலங்காட்டுப் பக்கம் நெல் பயிரிடும் குடும்பத்துப் பெண். விடிவதற்கு முன்னால் சோற்றைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறுவாள். வெயில் காலத்தில் மத்தியானம் டப்பாவைத் திறந்தால் புளித்த வாடை அடிக்கும். அதுவும் அப்போது அவள் மாசமாக இருந்தாள். அந்த வாடை பட்டாலே குமட்டும்.

நான் மட்டும் என்ன... அப்பா பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். எங்கள் வீட்டில் ஹோட்டல் என்ற வார்த்தையே ஆசாரக் குறைவு. எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே நாக்கில் தண்ணீர் ஊறும்.

ஆக, இரண்டு பேரும் கடைத்தெருவில் இருந்த ஹோட்டலுக்குப் போக ஆரம்பித்தோம். முதலாளி ரங்கய்யா, ஆந்திரா பக்கத்துக்காரர். அவர் கடை தோசைக்கு ஊரே அடிமை. ஹாலில் மார்பிள் மேஜைகள், தலைக்கு மேல் பெரிய ஃபேன். ஆனால் அதெல்லாம் ஆண்களுக்கு.

நமக்கு? ஃபேமிலி ரூம்!

ஃபேமிலி ரூம் என்றதும் ஏதோ மகாராணி அறை என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்படியை ஒட்டிப் பலகை அடித்து மறைத்த ஒரு பொந்து. வாசலில் பச்சைத் திரை — வருகிறவர் போகிறவர் எல்லாம் கை துடைத்து அதன் பச்சை எப்போதோ போய்விட்டது. ஜன்னல் கிடையாது, ஃபேன் கிடையாது. பலகைக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு. தோசை வேகிறதோ இல்லையோ, நாம் வெந்துவிடுவோம். உள்ளே ஆள் இருப்பதே சப்ளையருக்கு மறந்து போகும். கூப்பிடலாமென்றால், பெண்பிள்ளை குரல் வெளியே கேட்கக் கூடாதாம்!

ஒரு சித்திரை மாத மத்தியானம். தோசை சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். பேசிக்கொண்டே இருந்த துளசி திடீரென்று பேச்சை நிறுத்தினாள். முகமெல்லாம் வேர்வை. "ஒரு மாதிரியா வருதுக்கா..." என்றவள் அப்படியே என் தோளில் சாய்ந்தாள். கண் செருகிவிட்டது.

"தண்ணி! யாராவது வாங்களேன்!" என்று கத்தினேன். திரைக்கு வெளியே சப்ளையரின் கால்கள் தெரிந்தன. வந்த கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"லேடீஸ் இருக்கற எடம்... நான் எப்டிம்மா உள்ள வர்றது?"

என்ன மரியாதை பாருங்கள்! உள்ளே ஒருத்தி வயிற்றுப் பிள்ளையோடு மயங்கிக் கிடக்கிறாள். வெளியே ஒருவர் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார்.

அந்த நிமிஷத்தில் எனக்குள் ஏதோ அறுந்தது. துளசியின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினேன். திரையை இழுத்த வேகத்தில் அது கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. அவளை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, நேரே ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். யாரோ டம்ளரை நீட்டினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். காற்றுப் பட்டதும் மெல்லக் கண் திறந்தாள்.

ரங்கய்யா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தெளிஞ்சிடிச்சில்ல? இட்டுக்கினு உள்ள போம்மா. கஸ்டமருங்க சாப்பிடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் துளசி பேசினாள். குரலில் தெம்பே இல்லை. ஆனால் என்ன குரல் அது!

"நாங்க இன்னா, கஸ்டமரு இல்லியா? எனுக்கு இங்கதான் காத்து வருது. ஏந்துக்க மாட்டேன். இன்னா பண்ணுவியோ பண்ணிக்கோ."

அன்றைக்கு அவர் ஒன்றும் பண்ணவில்லை. மறுநாள் பண்ணினார்.

மறுநாள் நாங்கள் நேராக ஹாலுக்குப் போய் அதே மேஜையில் உட்கார்ந்தோம். திரை மறுபடியும் ஏறியிருந்தது. சப்ளையர் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார். கூப்பிட்டால் காது கேட்கவில்லை. முதலாளி உத்தரவு — ஹாலில் உட்காரும் பெண்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. எதிரே உட்கார வந்த ஒரு பெரிய மனிதர் எங்களைப் பார்த்துவிட்டு, தீட்டுப் பட்டது மாதிரி வேறு மேஜைக்குப் போனார்.

சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தோம். பட்டினியாக ஆபீஸுக்குத் திரும்பினோம்.

அதற்கு அடுத்த நாள் துளசி மடியிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்தாள். உரித்து உரித்துத் தோலை மார்பிள் மேஜை மேல் குவித்தாள்.

"உன் உடம்புக்கு இது தேவையா துளசி? வேற கடைக்குப் போயிடலாமே" என்றேன்.

"எல்லாக் கடையிலியும் அதே பொந்துதாங்கா இருக்குது. எங்க போவ சொல்றே?"

உண்மைதானே?

இப்படியே நாள் ஓடியது. எங்களுக்குப் பசி. அவருக்கு, கூட்ட நேரத்தில் ஒரு மேஜை வியாபாரம் போயிற்று. யார் முதலில் இறங்குவது?

ஒரு நாள் நெல் மூட்டை ஏற்றி வந்த லாரிக்காரர்கள் நாலைந்து பேர் திமுதிமுவென்று நுழைந்தார்கள். உட்கார இடமில்லை. எங்கள் மேஜை மட்டும் காலித் தட்டுகூட இல்லாமல் கிடந்தது. அவர்களில் ஆஜானுபாகுவான ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். எங்களைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கல்லாப் பக்கம் திரும்பினார்.

"இன்னா நைனா, அவங்களுக்கு ஏன் ஒண்ணும் வெக்கல?"

"அவங்கள உள்ள போய்க் குந்தச் சொல்லு. நான் வெக்கிறேன்."

"அவங்க எங்க குந்துனா எனுக்கு இன்னாய்யா? காலைல நாஷ்டாகூடத் துன்னல. அவங்களுக்கு வெச்சாத்தானே துன்னுட்டு ஏந்துப்பாங்க, நாங்க குந்தறதுக்கு? சீக்கிரம் வெய்யி, சும்மா பேஜாரு பண்ணிக்கினு!"

ஹாலில் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். "வெச்சுடுய்யா, வெச்சுடு" என்று இன்னொரு மேஜையிலிருந்தும் குரல் வந்தது. ரங்கய்யா சுற்றிலும் பார்த்தார். கோபமாகச் சப்ளையரிடம் கையை ஆட்டினார்.

இரண்டு தோசை வந்தது. ஃபேனுக்குக் கீழே, ஊர் பார்க்க, சட்னி தொட்டுச் சாப்பிட்டோம். லாரிக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இன்னும் ஆவலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். துளசி வேண்டுமென்றே இன்னொரு தோசை சொன்னாள்!

பெண் விடுதலையைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். எங்களுக்கு அதை வாங்கிக் கொடுத்தது ஒரு லாரிக்காரரின் பசி. அதனால் என்ன? நாங்கள் அந்த மேஜையை விடாமல் உட்கார்ந்திருக்காவிட்டால், அவர் பசிக்கும் அங்கே வேலை இருந்திருக்காதே.

கொஞ்ச நாளில் பள்ளிக்கூட டீச்சர்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரி நர்ஸுகள் வந்தார்கள். ரங்கய்யா 'பெண்கள் ஹாலிலும் அமரலாம்' என்று போர்டு எழுதி மாட்டினார். அனுமதி கொடுத்தாராம்!

ஹோட்டலில் ஜெயித்தாகிவிட்டது. வீட்டில்?

விஷயம் கோயிலுக்குப் போய்விட்டது. கோயில் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு, "உம்ம பொண்ணு கடைத்தெருவுல ஆம்பளைகளுக்கு நடுவுல உட்கார்ந்து சாப்பிடறாளாமே... நீர் எப்படிப் பெருமாளுக்குத் தளிகை பண்றது?" என்றாராம். அப்பா சொன்ன பதிலை அம்மாதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்: "அவ சாப்பிடறது அவ பசிக்கு. நான் பண்றது பெருமாளுக்கு. ரெண்டையும் ஏன் ஒரே பாத்திரத்துல போட்டுக் கலக்கறேள்?"

அங்கே அப்படிப் பேசிய மனிதர், வீட்டுக்கு வந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். வாரக்கணக்கில். எனக்குச் சாதம் பரிமாறும்போதுகூட அம்மாவிடம்தான் பேசுவார் — "அவளுக்கு ரசம் வேணுமான்னு கேளு." வலித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மத்தியானம் மணி அடித்தால் ஹோட்டலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

துளசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. லீவில் போனாள். அதற்குப் பிறகு நான் தனியாகவே போய் அதே ஹாலில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயம்தான் எனக்குக் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம். பெண் பார்த்துப் பிடித்துப் போய், ஜாதகமும் பொருந்திவிட்டது. பிறகு யாரோ காதில் ஓதியிருக்கிறார்கள். தரகர் வந்து வாசலில் நின்றார்.

"பொண்ணு இனிமே ஹோட்டல் வாசப்படி மிதிக்க மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போறுமாம். முகூர்த்தம் குறிச்சுடலாம்கறா."

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். அப்பா உள்ளே வந்தார். அத்தனை வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"என்ன சொல்லட்டும்?"

அம்மா பக்கம் பார்க்காமல் சொன்னேன்.

"நாளைக்கு மத்தியானம் அங்கே பூரி கிழங்காம்ப்பா. நான் போகணும்னு சொல்லிடுங்கோ."

அப்பா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் சொன்னதைச் சொன்னபடியே சொல்ல வாசலுக்குப் போனார்.

மறுநாள் பூரி பிரமாதமாக உப்பி வந்திருந்தது.